கப்பலில் ஒரு கரண்டி சோறு

முந்தைய நாள், சிங்கப்பூர்

மகள் டிக்கெட் போட்டுவிட்டுத்தான் என்னிடம் சொன்னாள். ஜூன் மாதப் பள்ளி விடுமுறை, பேத்திக்கு ஆறு வயது, அவளுக்குக் கப்பல் பார்க்க வேண்டுமாம். நாலு ராத்திரி. சிங்கப்பூரில் ஏறி பினாங்கு, புக்கெட், அப்புறம் ஒரு நாள் முழுக்கக் கடல், திரும்பவும் சிங்கப்பூர். நாங்கள் இருவர், மகள், மாப்பிள்ளை, பேத்தி, கூடவே சம்பந்தி வீட்டார் இருவர். ஏழு பேரில் சர்க்கரைக்காரர்கள் நானும் சம்பந்தியம்மாவும்.

எனக்குச் சர்க்கரை வந்து பதினான்கு வருஷம். காலையில் கிளிமிபிரைடும் மெட்ஃபார்மினும், ராத்திரி இன்னொரு மெட்ஃபார்மின், படுக்கப்போகும்போது கிளார்ஜின் என்கிற இன்சுலின் ஊசி 14 யூனிட். சம்பந்தியம்மாவுக்கு மூன்று வருஷம்தான், மெட்ஃபார்மின் மட்டும். "எனக்குச் சும்மா பார்டர் சுகர்தான்க்கா" என்பார். அந்த பார்டரை மூன்று வருஷமாக அவர் தாண்டவும் இல்லை, திரும்பவும் இல்லை.

மதுரையில் கிளம்பும் முன் டாக்டரிடம் போனேன். "பஃபேயில என்னென்ன தொடக்கூடாது?" என்று நான் பட்டியல் கேட்டால், அவர் வேறு எதையோ எழுதித் தந்தார். மாத்திரை, ஊசி, சிரிஞ்சு எல்லாம் தேவைக்கு இரண்டு மடங்கு, அதைப் பெட்டியில் போடாமல் கைப்பையில் வையுங்கள், வாந்தி வந்து சாப்பிட முடியாவிட்டால் காலை மாத்திரையில் எதை நிறுத்துவது, கடைசி வரியாக, "லோ ஆகாமல் பார்த்துக்கொள்ளவும்", அதாவது சர்க்கரை ரொம்ப இறங்கிவிடாமல். அந்தக் கடைசி வரியை நான் சரியாகப் படிக்கவில்லை. என் பயமெல்லாம் ஏறுவதில்தான் இருந்தது.

சிங்கப்பூருக்கு வந்து பத்து நாள் ஆகிவிட்டது. நம் ஊரைவிட இங்கே இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடுகிறார்கள். ஊரில் எட்டரைக்குப் போடும் ஊசி இங்கே பதினொன்று. அது எனக்குப் படுக்கும் நேரம்தான், அதனால் அப்படியே விட்டுவிட்டேன்.

இந்தப் பத்து நாளில் உருப்படியாகக் கற்றது காபிக் கடைப் பாஷை. சும்மா "கோப்பி" என்றால் கெட்டிப் பால், அதாவது டின் பாலோடு வரும், பாயசம் மாதிரி. "கோப்பி ஓ" என்றால் பால் இல்லை, ஆனால் சீனி உண்டு. இங்கேதான் நம் ஆட்கள் ஏமாறுவார்கள், கருப்பாக இருப்பதால் சீனி இல்லை என்று நினைத்துக்கொண்டு. "கோசோங்" என்று சேர்த்தால்தான் சீனி கிடையாது. "சியூ டாய்" என்றால் குறைத்து. என் மந்திரம் "தே சி கோசோங்": டீ, இனிக்காத டின் பால், சீனி இல்லை. 2022 டிசம்பர் 30 முதல் இந்த ஊரில் பாக்கெட் பானங்களுக்கு ஏ, பி, சி, டி என்று மதிப்பெண் போடுகிறார்கள். 100 மில்லியில் 10 கிராமுக்கு மேல் சர்க்கரை இருந்தால் டி. கடையில் பேத்தி ஒவ்வொரு டப்பாவாக எடுத்து "ஆச்சி, இது டி! நீங்க ஃபெயில்!" என்று கத்துகிறாள்.

நாள் 1, ஏறும் நாள்

மரினா பே குரூஸ் சென்டரில் மதியம் பன்னிரண்டரைக்கு நின்றோம். விமான நிலையம் மாதிரியேதான். வாசலிலேயே பெரிய பெட்டிகளை வாங்கிக்கொண்டு போய்விடுகிறார்கள். அவை நம் அறை வாசலுக்கு வந்து சேரச் சாயங்காலம் ஆகிவிடும் என்று மாப்பிள்ளை சொன்னார். "அத்தை, மருந்து கையிலதானே இருக்கு?" என்று மூன்று தடவை கேட்டார். இருந்தது. சம்பந்தியம்மாவின் மருந்து பெட்டியோடு போய்விட்டது. ராத்திரி மாத்திரைக்குள் வந்துவிடும் என்று அவர் கவலைப்படவில்லை. பெட்டி வந்தது ஏழே முக்காலுக்கு.

அறை சின்னது, ஆனால் சுத்தம். ஒரு குட்டிக் குளிர்பெட்டி இருக்கிறது. உள்ளே கையை விட்டுப் பார்த்தேன், நம் வீட்டு ஃபிரிட்ஜில் பாதிக் குளிர்ச்சிகூட இல்லை. அரை நிமிஷம் பதறினேன். அப்புறம் நானே என்னைத் தேற்றிக்கொண்டேன்: திறந்து உபயோகத்தில் இருக்கும் கிளார்ஜின் ஊசிப் பேனா 30 டிகிரிக்குக் கீழே வெளியிலேயே 28 நாள் தாங்கும். ஏசி அறையில் ஐந்து நாளுக்கு என்ன வந்துவிடப் போகிறது? திறக்காத மாற்றுப் பேனாவை மட்டும் குளிர்பெட்டியில் வைத்தேன். பால்கனிப் பக்க மேசையில்தான் எதையும் வைக்கக்கூடாது, வெயில் நேராக விழுகிறது. அறையைப் பார்த்துக்கொள்ளும் இந்தோனேசியப் பையனிடம் ஊசியைக் குத்திக் காட்டுகிற மாதிரி சைகை செய்தேன். பயந்துவிட்டான். மகள் வந்து விளக்கியதும் ஐந்து நிமிஷத்தில் உபயோகித்த ஊசி போடுவதற்கென்று மூடியுள்ள ஒரு பிளாஸ்டிக் டப்பா கொண்டுவந்து கொடுத்தான். குப்பைக்கூடையில் போட்டிருந்தால் அவன் கையில்தானே குத்தியிருக்கும்.

இனி பஃபே. பதினான்காவது மாடி. கல்யாணப் பந்தியைச் சுற்றி நடந்து பார்த்த மாதிரி இருந்தது. ரொட்டி மட்டும் பதினோரு தினுசு எண்ணினேன். கண்ணுக்குத் தெரிந்த எதிரி கேக்குகள். அவற்றைத் தாண்டுவது கஷ்டமில்லை, பதினான்கு வருஷப் பழக்கம். தெரியாத எதிரிகள்தான் சிக்கல். சூப் கெட்டியாக இருக்கிறதே என்று கேட்டால் சோளமாவு. கோஸ் சாலட் தித்திக்கிறது. தயிர் என்று எழுதியிருந்த கிண்ணத்தில் ஸ்ட்ராபெரிச் சர்க்கரை. இந்தியன் கவுன்டரில் பன்னீர் கறியில் முந்திரி அரைத்து, அதற்கு மேல் சீனியும் போட்டிருக்கிறார்கள், நாக்கில் வைத்ததும் தெரிகிறது. குழந்தைகளெல்லாம் ஆரஞ்சு ஜூஸை மடக் மடக்கென்று குடிக்கிறார்கள். ஒரு பெரிய குவளையில் ஏறத்தாழ 20 கிராம் சர்க்கரை இருக்கும், பழச்சாறு என்ற மரியாதைப் பெயரில்.

மகள் ஒன்றரை மாதம் முன்பே ஒரு படிவத்தில் "டயாபடிக்" என்று டிக் செய்து அனுப்பியிருந்தாள். அதனால் எனக்கென்று தனித்தட்டு காத்திருக்கும் என்று நம்பினேன். ராத்திரி பெரிய டைனிங் ஹாலில் மேசையில் உட்கார்ந்ததும் பணியாளர் சிரித்த முகத்தோடு ஒரு கார்டை நீட்டினார். கடைசி வரியில் "சர்க்கரை இல்லாத புடிங்". அவ்வளவுதான் டயாபடிக் சாப்பாடு! முன்னால் வரும் உருளைக்கிழங்கு மசியல், வெள்ளை ரொட்டி, இனிப்புச் சாஸ் எல்லாம் எல்லாருக்கும் பொது.

ஹெட் வெயிட்டர் பிலிப்பைன்ஸ்காரர், ஐம்பது வயசிருக்கும். மகள் மொழிபெயர்க்க என் குறையைச் சொன்னேன். அவர் சொன்ன யோசனை இந்தப் பயணத்துக்கே உதவியது. "நோயின் பெயரைச் சொல்லாதீர்கள், தட்டில் என்ன வேண்டும், என்ன வேண்டாம் என்று சொல்லுங்கள். நாளைய மெனுவை இன்று ராத்திரியே காட்டுகிறேன். அப்போதுதான் சமையலறை கேட்கும். சாப்பிட உட்கார்ந்த பிறகு கேட்டால் சாஸைத் துடைத்துத்தான் தர முடியும்." சொன்னபடி ஒவ்வொரு ராத்திரியும் மறுநாள் கார்டைக் கொண்டுவந்து, பாக்கெட்டிலிருந்து பேனாவை எடுத்து, நான் சொல்லச் சொல்லக் கோடு போட்டுக்கொண்டார். மீன், ஆவியில், சாஸ் தனிக் கிண்ணத்தில், உருளைக்குப் பதில் பீன்ஸ், வெள்ளைச் சோறு.

சோறு எவ்வளவு என்று கேட்டார். நான் "வேண்டாம்" என்றேன். வீராப்பு.

(இணையத்துக்குத் தனிக்காசு. ஏழு பேருக்கு ஒரு போனில்தான் வாங்கியிருக்கிறோம். மகள் தூங்கிய பிறகுதான் எனக்கு முறை. அதனால் இதெல்லாம் தாமதமாகத்தான் ஏறும்.)

நாள் 2, பினாங்கு

காலையில் வெறும் வயிற்றில் சர்க்கரை 146. எனக்கு அது கொஞ்சம் கூடுதல். நேற்று அந்தப் பன்னீர்தான் என்று தோன்றியது. உடனே மனசுக்குள் ஒரு கணக்கு: இன்றைக்கு இறுக்கிப் பிடிக்க வேண்டும். காலையில் ஒரே ஒரு இட்லி, ஒரு முட்டை. மாத்திரை மட்டும் முழுசாக. மதியம் வெள்ளரிக்காய், கீரை, சுட்ட மீன். சோறும் இல்லை, ரொட்டியும் இல்லை. சம்பந்தியம்மா நூடுல்ஸ் தட்டோடு எதிரே உட்கார்ந்து, "எப்படிக்கா உங்களால முடியுது!" என்றார். எனக்குப் பெருமையாக இருந்தது. அந்தப் பெருமையை இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

மூன்று மணிக்குக் கப்பல் ஸ்வெட்டன்ஹாம் துறையில் கட்டியது. கரைக்கு இறங்கும் முன் ஒரு அறிவிப்பு: பழம், சமைத்த உணவு எதையும் கப்பலிலிருந்து வெளியே எடுத்துப் போகக்கூடாது. பையில் போட்டிருந்த வாழைப்பழத்தை யோக்கியமாக எடுத்து வைத்துவிட்டேன். குளுக்கோஸ் பாக்கெட் இருக்கிறதே என்ற தைரியம்.

துறையை விட்டு வெளியே வந்தால் எதிரே வெள்ளை மணிக்கூண்டு, விக்டோரியா அரசிக்குக் கட்டியது. 60 வருஷ ஆட்சிக்கு, வருஷத்துக்கு ஒரு அடியாக 60 அடி உயரம். அங்கிருந்து லிட்டில் இந்தியாவுக்கு நடந்தே போய்விடலாம். தெருவுக்குள் நுழைந்ததும் மல்லிகைப்பூ, ஊதுவத்தி, எண்ணெயில் போட்ட வடை, மூன்றும் கலந்த ஒரு வாசனை. வீட்டுக்காரர் "மதுரைப் புதுமண்டபத்துக்கு வந்துட்டோமோ" என்றார். ஜார்ஜ் டவுன் 2008இல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறிய ஊர். பழைய கடைவீடுகளை அப்படியே வைத்திருக்கிறார்கள். குயின் தெருவில் மகாமாரியம்மன் கோயில், 1833இல் கட்டியது. பினாங்கில் இருக்கும் இந்துக் கோயில்களில் அதுதான் பழசு.

கோயில் வாசலில் செருப்பைக் கழற்றும்போது ஒரு விஷயம். என் பாதத்தில் இரண்டு வருஷமாக மரத்த உணர்வு. சூடு சுட்டாலும் உடனே தெரியாது. அதனால் எங்கே போனாலும் கைப்பையில் ஒரு ஜோடி பருத்திக் காலுறை. போட்டுக்கொண்டுதான் உள்ளே போனேன். அருகில் ஒரு அம்மா என் காலையே பார்த்தார். பார்க்கட்டும். சித்திரையில் மீனாட்சி கோயில் கல்லில் வெறுங்காலோடு நடந்து, வீட்டுக்கு வந்து கொப்புளத்தைப் பார்த்துத்தான் சுட்டதே தெரிந்தது என்ற கதை என்னுடையதே.

சாமி கும்பிட்டு, ஒரு சேலைக் கடை, ஒரு பாத்திரக் கடை, கபித்தான் கெலிங் பள்ளிவாசல் வரை ஒரு நடை (தமிழ் முஸ்லிம்கள் 1801இல் கட்டியது), திரும்பவும் லிட்டில் இந்தியா. இரண்டு மணி நேரம் நடந்திருப்போம். நல்ல புழுக்கம். ஒரு கடையில் மகள் ஏதோ விலை கேட்டுக்கொண்டிருக்கிறாள்; எனக்கு அவள் பேச்சு கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி கேட்டது. ஜாக்கெட் முதுகு நனைந்துவிட்டது. வெயில் வியர்வை என்று நினைத்தேன். ஆனால் வியர்வை சில்லென்று இருந்தது. அப்புறம் கை. பையின் ஜிப்பைப் பிடிக்கப் போனேன், விரல் ஜிப்பைத் தாண்டித் தாண்டிப் போனது. எதற்கோ எரிச்சல். வீட்டுக்காரர் "என்னம்மா, ஒரு மாதிரியா இருக்க?" என்று கேட்டதற்கு "உங்களுக்கு என்ன வந்துச்சு!" என்று கத்தினேன். முப்பத்தாறு வருஷத்தில் நடுத்தெருவில் நான் அவரிடம் கத்தியதில்லை. அவருக்கு அதிலேயே புரிந்துவிட்டது. "சுகர் இறங்கிடுச்சு. பையைத் திற."

பையைத் திறந்தால் மீட்டர் இருக்கிறது, காலுறை இருக்கிறது, குங்குமம் இருக்கிறது. குளுக்கோஸ் இல்லை. மதியம் பச்சைச் சேலைக்குப் பொருத்தமாகப் பை மாற்றினேன்; பழைய பையின் பக்க ஜிப்பில் அது பத்திரமாகக் கப்பலில் தூங்குகிறது.

பக்கத்திலேயே டீக்கடை. வீட்டுக்காரர் தோளைப் பிடித்துப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்தார். என்னம்மா வேணும் என்று கடைக்காரர் கேட்டதும் என் வாய் பழக்க தோஷத்தில் சொன்னது: "தே ஓ கோசோங்." பத்து நாள் பாடம்! வீட்டுக்காரர் தலையில் அடித்துக்கொண்டார். "சீனி போட்டு, நல்லா சீனி போட்டு!" கடைக்காரர் என் முகத்தைப் பார்த்தார். "இனிப்பு நீராங்கம்மா?" என்றார். அங்கே சர்க்கரை வியாதிக்கு அதுதான் பெயர். டீயெல்லாம் போடவில்லை. ஒரு குவளைத் தண்ணீரில் நாலு கரண்டிச் சீனியைக் கொட்டி, கலக்கிக்கொண்டே வந்து கையில் கொடுத்தார். "எங்கம்மாவுக்கும் இப்படித்தான், குடிங்க, பேசாதீங்க." டீ போட்டு ஆற்றிக்கொண்டிருந்தால் இன்னும் ஐந்து நிமிஷம் போயிருக்கும்.

மாப்பிள்ளை விரலில் குத்திப் பார்த்தார். 58.

எழுபதுக்குக் கீழே போனால் 15 கிராம் சர்க்கரை, 15 நிமிஷம் பொறுத்துத் திரும்பவும் பார்ப்பது என்பதை நான் எத்தனையோ பேருக்குச் சொல்லியிருக்கிறேன். சம்பந்தியம்மா பாவம், பதறிப்போய் சாக்லேட்டை உரித்து நீட்டினார். சாக்லேட் இதற்கு ஆகாது. அதிலுள்ள கொழுப்பு சர்க்கரையைச் சீக்கிரம் ரத்தத்துக்கு விடாது. சொல்ல நினைத்தேன், வார்த்தை வரவில்லை. பதினைந்து நிமிஷம் சுவரில் தொங்கிய முருகன் காலண்டரையே பார்த்துக்கொண்டிருந்தேன். தேதியைப் படிக்க முடிந்தபோது தெளிந்துவிட்டேன் என்று தெரிந்தது. 84. அது மட்டும் போதாது. காலையில் போட்ட கிளிமிபிரைடு வேலை செய்துகொண்டேதான் இருக்கும், சர்க்கரையை மறுபடி கீழே இழுத்துவிடும். இரண்டு இட்லியும் சாம்பாரும் வாங்கிச் சாப்பிட்டேன். கடைக்காரர் இட்லிக்குக் காசு வாங்கிக்கொண்டார், சீனித் தண்ணிக்கு வாங்கவில்லை.

கப்பலுக்குத் திரும்பி வரும்போது டாக்டரின் தாளை எடுத்துக் கடைசி வரியை நிறுத்திப் படித்தேன். மாத்திரை அதே அளவு, சாப்பாடு பாதி, நடை நாலு மடங்கு. கூட்டல் கழித்தல் தெரிந்த யாருக்கும் புரிந்திருக்கும். முப்பது வருஷம் கூட்டுறவு சங்கத்தில் கணக்கு எழுதியவளுக்குப் புரியவில்லை.

ராத்திரி ஹெட் வெயிட்டர் கார்டோடு வந்தார். "சோறு?" "ஒரு கரண்டி. மூன்று வேளையும்." எழுதிக்கொண்டார்.

நாள் 3, புக்கெட்

காலையில் 131. ஆனால் மாத்திரைக்கு வைத்த அலாரம் அடிக்கவே இல்லை. பார்த்தால் ராத்திரியோடு ராத்திரியாகப் போன் தாய்லாந்து நேரத்துக்கு மாறிவிட்டது, ஒரு மணி நேரம் பின்னால். கப்பல் மட்டும் சிங்கப்பூர் நேரத்திலேயே ஓடுகிறது. சாப்பாட்டுக் கடை மூடுவது கப்பல் நேரத்தில், என் அலாரம் அடிப்பது தாய்லாந்து நேரத்தில். வீட்டுக்காரரின் பழைய ஹெச்எம்டி கைக்கடிகாரம்தான் காப்பாற்றியது. சாவி கொடுத்தால் ஓடும், எந்த நாடு வந்தாலும் மாறாது.

ஜூன் மாதம் இந்தப் பக்கம் தென்மேற்குப் பருவக்காற்று. பட்டாங் கடற்கரைக்கு எதிரே கப்பல் நடுக்கடலில் நின்றுவிட, சின்னப் படகில் ஏறிக் கரைக்குப் போக வேண்டும். அலையில் படகு ஏறி இறங்கியதில் சம்பந்தி ஐயா கண்ணை மூடிக் கந்த சஷ்டி சொல்ல ஆரம்பித்துவிட்டார். கரையில் சிவப்புக் கொடி, கடலில் இறங்கத் தடை. பேத்தி மணலில் விளையாடினாள். நான் செருப்பைக் கழற்றவில்லை.

ஊரைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை, கடைகளும் மசாஜ் பலகைகளும்தான். ஆனால் மங்குஸ்தான்! சீசன். வண்டியில் குவித்து வைத்திருந்தார்கள். மூன்று உரித்துச் சாப்பிட்டேன், கணக்குப் போட்டுத்தான். தோல் சாயம் விரலெல்லாம் ஊதா. இரண்டு மணி நேரம் கழித்துக் குத்திப் பார்த்தால் 297. மூன்று மங்குஸ்தானுக்கா! நெஞ்சு திக்கென்றது. பழைய புத்தி உடனே "ராத்திரிச் சாப்பாட்டை விட்டுவிடு" என்றது. மகள்தான், "அம்மா, கையைக் கழுவுனீங்களா?" என்று கேட்டாள். இல்லை, டிஷ்யூவில் துடைத்தேன். சோப்புப் போட்டுக் கழுவி, நன்றாகத் துடைத்து, வேறு விரலில் குத்தினேன். 162. விரலில் ஒட்டியிருந்த பழச்சாறு ரத்தத் துளியோடு கலந்து மீட்டரை ஏமாற்றியிருக்கிறது. கப்பலில் எங்கே திரும்பினாலும் கைக்குத் தடவும் ஜெல் வைத்திருக்கிறார்கள், அது இதற்கு ஆகாது. தண்ணீரும் சோப்பும்தான். அந்த 297ஐ நம்பி நான் ராத்திரி பட்டினி கிடந்து ஊசியும் போட்டிருந்தால்?

சம்பந்தியம்மாவும் உற்சாகமாகத் தன் மீட்டரில் பார்த்தார். "9.4தான்க்கா! பத்துகூட இல்ல!" அவர் மீட்டர் சிங்கப்பூரில் வாங்கியது. அங்கே மில்லிமோல் கணக்கு, நம் ஊர் மில்லிகிராம் கணக்குக்கு 18ஆல் பெருக்க வேண்டும். டிஷ்யூவில் பெருக்கிக் காட்டினேன்: 169. கொஞ்ச நேரம் என்னோடு பேசவில்லை.

சாயங்காலம் கப்பல் கிளம்பியதும் நல்ல ஆட்டம். டைனிங் ஹாலில் பாதி மேசை காலி. எனக்கும் வயிற்றைப் பிரட்டியது. வழக்கமாகச் சாப்பிட உட்காரும் முன்னே மாத்திரை போடுவேன், இன்று தட்டு வந்து பாதி உள்ளே போய் நின்ற பிறகுதான் போட்டேன். இஞ்சியைச் சூடான நீரில் போட்டுத் தரச் சொன்னதும் ஹெட் வெயிட்டர் இரண்டு உப்பு பிஸ்கட்டும் சேர்த்து அனுப்பினார். கேட்காமலே.

நாள் 4, கடல்

மலாக்கா நீரிணைக்குள் வந்ததும் கடல் குளத்துத் தண்ணி மாதிரி அடங்கிவிட்டது. காலையில் 118. ஒரு கரண்டிச் சோறு மூன்று வேளை, மாலை ஒரு கைப்பிடி வேர்க்கடலை, படுக்கும் முன் அரைத் தம்ளர் பால். இங்கே ராத்திரிச் சாப்பாடு ஆறு மணிக்கே முடிந்துவிடுகிறது. அப்புறம் காலை எட்டு மணி வரை பதினான்கு மணி நேரம். அந்த இடைவெளிக்குத்தான் பால்.

மேல் தளத்தில் நடைபாதை இருக்கிறது. சாப்பிட்டு அரை மணி கழித்து வீட்டுக்காரரும் நானும் ஐந்து சுற்று. இப்போது எந்தச் சேலை கட்டினாலும் ஒரே பைதான், பக்க ஜிப்பில் குளுக்கோஸ். மாப்பிள்ளையின் சட்டைப் பையில் ஒன்று. பேத்தியின் முதுகுப்பையிலும் ஒன்று. அவள் அதை நக்கிப் பார்த்து விட்டு "ஆச்சி, இது கண்டிப்பா டி" என்று தீர்ப்புச் சொன்னாள்.

இன்றைய நாள் சம்பந்தியம்மாவுடையது. கடைசி ராத்திரி என்று இனிப்பு மேசை ஒன்று போட்டிருந்தார்கள். ஓரத்தில் சர்க்கரையில்லா வரிசை: குக்கீஸ், சீஸ் கேக், மூஸ். "அக்கா, நமக்காகவே செஞ்சு வச்சிருக்காங்க!" என்று ஆரம்பித்தவர் ஆறோ ஏழோ முடித்தார். சீனிக்குப் பதில் மால்டிடால் போட்டிருக்கிறார்கள் என்று அட்டையில் எழுதியிருந்தது. அதுவும் சர்க்கரையை ஏற்றும், கொஞ்சம் மெதுவாக, கொஞ்சம் குறைவாக. குக்கீஸில் மைதா வேறு. சொன்னேன். "சர்க்கரையில்லைன்னு போட்டிருக்கானே, பொய்யா சொல்வான்?" மால்டிடாலுக்கு இன்னொரு குணமும் உண்டு, அளவு மீறினால் வயிற்றைக் கலக்கும். அதை நான் சொல்லவில்லை. ராத்திரி பதினொன்றரைக்கு அவரே போன் பண்ணிச் சொன்னார்.

எனக்கு மாம்பழ மூஸ் இரண்டு ஸ்பூன். நிஜச் சர்க்கரை போட்டது. அந்த வேளைக்குச் சோற்றைப் பாதியாக்கிக்கொண்டேன். சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து 158.

நாள் 5, இறங்கும் நாள்

கடைசி ராத்திரி பதினொன்றுக்குள் பெரிய பெட்டிகளைக் கட்டி அறை வாசலில் வைத்துவிட வேண்டும், அவர்கள் எடுத்துப் போய்க் கரையில் அடுக்குவார்கள். இதில் நான் உஷார். மாத்திரை, பேனா, மீட்டர், குளிர்பெட்டியில் இருந்த மாற்றுப் பேனா எல்லாம் பச்சைச் சேலையில் சுற்றிக் கைப்பையில். ஊசி டப்பாவை அறைப் பையனிடம் கொடுத்தாயிற்று.

ஹெட் வெயிட்டரிடம் விடைபெறப் போனேன். மகள் நீட்டிய கவரை வாங்கிக்கொண்டு என்னைப் பார்த்து, "ஒன் கரண்டி," என்றார். நான் சொல்லிச் சொல்லி அந்த வார்த்தையை அவர் படித்துவிட்டார்.

காலைச் சாப்பாட்டு மேசையில் சம்பந்தியம்மா முகம் வாடியிருந்தது. "அக்கா, மாத்திரை பெட்டிக்குள்ள போயிருச்சு." அவருக்கு மெட்ஃபார்மின் மட்டும்தான், ஒரு வேளை இரண்டு மணி நேரம் தள்ளிப் போவதால் குடி முழுகாது. என்னிடம் இருப்பது வேறு அளவு, கொடுக்கவில்லை.

கரையில் பெட்டிகள் கொட்டகை முழுக்க. அவருடையது கறுப்பு, மற்ற முந்நூறும் கறுப்பு. சம்பந்தி ஐயா கைப்பிடியில் மஞ்சள் துணி கட்டியிருந்தது நல்லதாயிற்று. அங்கேயே தரையில் உட்கார்ந்து திறந்தார். மேலே சேலை, அதன் கீழே மாத்திரை டப்பா, டப்பாவை ஒட்டி டிஷ்யூவில் சுற்றிய ஒரு பொட்டலம். பேத்தி எட்டிப் பார்த்தாள். சர்க்கரையில்லா குக்கீஸ், ஐந்து.

"பிள்ளைக்கு எடுத்து வச்சேன்" என்றார் சம்பந்தியம்மா.

"அப்பத்தா, எனக்கு வேணாம்" என்றாள் பேத்தி.